த்ரீவீல் சிவப்பும் ஒரு பென்சில் எழுத்தும்

எங்கட பேஸ் கிற்றாருக்கு என்ன நிறம் அடிக்கிறது என்பதில் தொடங்கின சண்டைதான் இந்தக் கட்டுரை. மூன்று கிழமை சண்டை. அதை முடிக்கிறதுக்காகத் தேடி வாசிக்கப் போய், கிற்றாரின் நிறத்துக்கு இவ்வளவு பெரிய வரலாறு இருக்கெண்டு தெரிஞ்சுகொண்டோம்.

முதலில் கதை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதங்களில் 360ஐத் தாண்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நேரம் ஒரு பேஸ் கிற்றார் வாங்கச் சேர்த்து வைத்த சல்லி, அரைக் கிற்றாருக்குத்தான் போதும் எண்ட நிலைக்கு வந்தது. கனகாலம் அப்படியே விட்டிருந்தோம். பிறகு எங்களில் ஒருத்தருக்கு உடைஞ்ச பேஸ் ஒன்று மலிவாகக் கிடைத்தது. கழுத்து நல்லம், உடம்பு பிளந்து போயிருந்தது. அதே கிழமை கொட்டாஞ்சேனையில் இன்னொருத்தரின் அப்பம்மாவின் பழைய வீட்டைக் காலி பண்ணினார்கள். அங்கே இருந்த பலா மர அலுமாரியை யாரும் எடுத்துப்போக விரும்பவில்லை. அதன் கதவுப் பலகை இரண்டை ஒன்றோடொன்று ஒட்டி, வெட்டி, சீவினால் ஒரு உடம்பு. அப்படித்தான் தொடங்கினோம்.

ஒட்டும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் 'வம' எண்டு சிங்களத்தில் எழுதியிருந்தது. இடது எண்டு அர்த்தம். இடப்பக்கக் கதவு எது எண்டு மாறாமல் இருக்க, அந்த அலுமாரியைச் செய்த தச்சர் போட்ட அடையாளம். அவர் யார் எண்டு அப்பம்மாவுக்கும் தெரியாது. அந்தப் பக்கம்தான் கிற்றாரின் பின்பக்கமாக வந்தது. அங்கே நாங்கள் சீவுளி வைக்கவில்லை.

சண்டை இங்கேதான். பாதிப் பேருக்கு முழு உடம்புக்கும் பளபளவெண்டு நிறம் அடிக்க வேணும். மற்றப் பாதிக்கு மரம் தெரிய வேணும். அப்பம்மா இரண்டாவது கட்சி. "பலா மரமடா இது. வீணையும் மிருதங்கமும் செய்யிற மரம். பெயின்ற் பூசி மூடிப்போடாதேங்கோ."

அப்பம்மா சொன்னது உண்மை. தஞ்சாவூர் வீணையும் பலாவில்தான் கடையப்படுகிறது. அதற்கு யாரும் தடிப்பாகப் பெயின்ற் அடிப்பதில்லை. காரணம் அழகு மட்டுமில்லை. வீணையிலும் வயலினிலும் மரமே அதிர்ந்துதான் சத்தம் வெளியே வருகிறது. மேலே தடித்த பூச்சு ஏறினால் அதிர்வு மழுங்கும். அதனால் இப்படியான வாத்தியங்களுக்குப் பெரும்பாலும் பூசியது மெல்லிய எண்ணெயும் வார்ணிஷும் அரக்கும்தான்.

அரக்கு எண்டால் எங்களுக்கு மகாபாரதத்தின் அரக்கு மாளிகைதான் ஞாபகம் வரும். அது ஒரு சிறு பூச்சி மரக்கிளையில் சுரக்கிற பிசின். அதைச் சுத்தமாக்கி ஸ்பிரிட்டில் கரைத்தால் தச்சர்மார் சொல்கிற பிரெஞ்ச் பொலிஷ். இலங்கையில் இதற்கு மிகப் பழைய மரபு இருக்கிறது. மாத்தளைப் பக்கம் ஹப்புவித கிராமத்தில், நிறம் சேர்த்த அரக்கைச் சூடாக்கி நூல் போல இழுத்து, நகத்தால் கிள்ளி ஒட்டி அலங்காரம் செய்வார்கள். 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளிவந்த 'மத்தியகால சிங்களக் கலை' என்ற நூலில் இந்த வேலையை விவரமாக எழுதியிருக்கிறார். கண்டி நடனத்தில் கையில் பிடித்து அடிக்கிற உடெக்கி எண்ட சின்ன மேளத்தின் கட்டையிலும் இந்த அரக்கு நிறங்களைப் பார்க்கலாம். ஆக, வாத்தியத்துக்கு நிறம் கொடுக்கிறது இந்த ஊருக்குப் புதுசில்லை.

பிறகு எப்படி அரக்கின் இடத்துக்கு ஸ்ப்ரே வந்தது? அந்தக் கதை போரில் தொடங்குகிறது.

1846இல் ஷான்பைன் என்ற இரசாயனவியலாளர் பஞ்சை நைத்திரிக் அமிலத்தில் தோய்த்து வெடிபஞ்சு செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். புகையில்லாத வெடிமருந்து இதில் இருந்துதான் வந்தது. முதலாம் உலகப் போரில் அமெரிக்காவின் டூபொன்ற் கம்பனி இதை மலைமலையாக உற்பத்தி செய்தது. போர் முடிந்தது. அவ்வளவு பெரிய தொழிற்சாலைகளை வைத்து இனி என்ன செய்யிறது? அதே நைத்திரோசெல்லுலோசைக் கரைத்து நிறம் சேர்த்து, 1923இல் 'டூக்கோ' என்ற பெயரில் கார் பெயின்றாக இறக்கினார்கள். அதுவரை ஒரு காருக்குப் பூச்சுப் பூசிக் காய வைக்கவே கிழமைக்கணக்கு எடுத்தது. டூக்கோ மணித்தியாலக் கணக்கில் காய்ந்தது. 1914 தொடக்கம் கறுப்பு நிறத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த போர்ட் மொடல் டீ கூட 1920களின் நடுவில் திரும்பவும் நிறம் மாறினது. அதே பத்தாண்டில் கிற்றார் கம்பனிகளும் அரக்கை விட்டு இந்த லாக்கருக்கு வந்தன.

1951இல் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' எண்ட மின் பேஸ் கிற்றாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆள் உயரத்துக்கு நிற்கும் டபிள் பேஸைத் தூக்கித் திரிந்த வாத்தியக்காரருக்குத் தோளில் மாட்டுகிற பேஸ் கிடைத்தது. இதில் சத்தத்தைப் பிடிக்கிறது கம்பிக்குக் கீழே இருக்கிற பிக்கப். உடம்பு வெறும் கட்டி மரம். வீணையைப் போல அது அதிர்ந்து பாட வேண்டியதில்லை. அதனால் அதற்கு மேல் எதையும் பூசலாம் எண்ட சுதந்திரம் வந்தது. ஆரம்பத்தில் மரத்தின் ரேகை தெரியிற மஞ்சள் பூச்சுத்தான். 1950களின் கடைசியில் பெண்டர் நேராகக் கார் நிறங்களுக்கே போனார். 'லேக் பிளாசிட் புளூ' கடிலாக் காரின் நிறம். 'பியெஸ்டா ரெட்' போர்ட் தண்டர்பேர்டின் நிறம். விருப்பமான நிறம் வேணுமெண்டால் விலையில் 5 வீதம் கூடக் கட்ட வேணும். கார் வாங்க வசதியில்லாத பெடியன்கள் அந்தக் காரின் நிறத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறினார்கள்.

வீட்டில் செய்தவர்களும் இருந்தார்கள். 1963இல் லண்டனில் 16 வயதுப் பெடியன் ஒருத்தன், கிற்றார் வாங்கச் சல்லி இல்லாமல், தகப்பனோடு சேர்ந்து தானே ஒன்றைச் செய்யத் தொடங்கினான். கழுத்துக்குப் பழைய வீட்டு அடுப்பங்கரைச் சட்டம். அதில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். விரற்பலகையில் பதித்த புள்ளிகள் தாயின் தையல் பெட்டியில் இருந்த சிப்பிப் பொத்தான்கள். மேலே பூசியது தளபாடத்துக்கு அடிக்கிற ஒரு சாதாரணப் பூச்சு. அந்தப் பெடியன்தான் பிறகு குவீன் இசைக்குழுவின் பிரையன் மே. 'ரெட் ஸ்பெஷல்' எண்ட அந்தக் கிற்றாரைத்தான் இன்றைக்கும் வாசிக்கிறார். அதை வாசிச்ச நாள் எங்களுக்குள் கொஞ்சம் தைரியம் வந்தது.

கடைசியில் நிறத்தை முடிவெடுத்தோம். பெண்டர் தன்ர ஊரில் ஓடின காரின் நிறத்தை எடுத்தார். எங்கட ஊரில் என்ன ஓடுகிறது? த்ரீவீல். ஆகவே த்ரீவீல் சிவப்பு.

வெள்ளவத்தையில் ஒரு தட்டுவீட்டின் பல்கனியில் வைத்து அடித்தோம். சாண்ட் பேப்பர் 120இல் தொடங்கி 240 வரை தேய்த்து, மரத் துளைகளைப் பட்டியால் அடைத்து, சீலர் பூசி, மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு முதலாவது சிவப்பு. பத்து நிமிஷத்தில் சிவப்பு முழுக்க வெள்ளை பூத்தது, சாம்பல் பூசின மாதிரி. பெயின்ற் பழுது எண்டு நினைத்தோம். கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கிற ஒரு ஐயாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் பார்த்த உடனே கேட்டார்: "மழை இருட்டில அடிச்சனீங்களோ, தம்பிமார்?"

விஷயம் இதுதான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேல்பக்கம் குளிர்ந்து போகும். காற்றில் ஈரப்பதன் கூடவெண்டால் அந்த ஈரம் பூச்சில் படிந்து வெள்ளையாகும். கடற்கரைக்குக் கிட்ட, மழை நாளில், டூக்கோ பரம்பரைப் பூச்சை அடித்தால் வேறென்ன நடக்கும்? மெதுவாகக் காயிற தின்னரைக் கலந்து, நல்ல வெயில் உள்ள நாளில் மத்தியானம் அடிக்கச் சொன்னார். இந்த லாக்கரில் புதுப் பூச்சு பழைய பூச்சைக் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும், அதனால் முழுக்கச் சுரண்டத் தேவையில்லை எண்டும் சொன்னார். நாங்கள் புத்தகத்தில் தேடினது அவருக்குக் கைப்பழக்கத்தில் இருந்தது.

இரண்டு கிழமை வெயிலுக்குக் காத்திருந்து திரும்ப அடித்தோம். வெள்ளை போய்விட்டது. முன்பக்கமும் விளிம்பும் த்ரீவீல் சிவப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு ஓரத்தில் பெயின்ற் வழிந்த தடம் இருக்கு. அதை விட்டுவிட்டோம்.

பின்பக்கத்துக்கு வந்தபோது பழைய சண்டை திரும்ப வந்தது. நிறம் அடிக்கிற கட்சிக்கு நியாயம் இல்லாமல் இல்லை: ஒரே நிறம் எண்டால்தான் கடையில் வாங்கின சாமான் மாதிரி இருக்கும். ஆனால் இவ்வளவையும் வாசித்த பிறகு ஒன்று விளங்கினது. ஒவ்வொரு பூச்சும் தனக்குக் கீழே யாருடையதோ வேலையை மூடுகிறது. பூச்சியின் வேலை, வெடிமருந்துத் தொழிற்சாலையில் நின்றவரின் வேலை, தச்சரின் வேலை. எல்லாரையும் எங்களால் தேடிப் பிடிக்க ஏலாது. பெயர் தெரியாத இந்த ஒரு ஆளின் கையெழுத்தாவது எங்களிடம் இருக்கு. எழுபது எண்பது வருஷம் ஒரு தமிழ் வீட்டு அலுமாரிக்குள், உடுப்புகளுக்குப் பின்னால், ஒருத்தர் கண்ணிலும் படாமல் இருந்த ஒரு சிங்கள எழுத்து. அதை நாங்களே கடைசியாக அழிக்கிறதோ?

பின்பக்கத்துக்கு நிறம் இல்லாத கிளியர் மட்டும் அடித்தோம். ஈரம் பட்டதும் பலாவின் மஞ்சள் எழும்பி வந்தது. 'வம' முந்தியைவிடத் தெளிவாகத் தெரியுது. அப்பம்மா கையில் வாங்கி, முன்பக்கத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓம், இது எங்கட அலுமாரிதான்" எண்டார்.

இப்ப அது கம்பி பூட்டித் தயார். வாசிக்கிறவருக்கு முன்பக்கம் தெரியாது, கேட்கிறவருக்குப் பின்பக்கம் தெரியாது. அந்தப் பென்சில் எழுத்து வாசிக்கிறவரின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இருக்கும்.