கட்டட அனுமதி (சென்னை)

கட்டட அனுமதி என்பது, ஒரு மனையில் புதிதாக வீடு முதலிய கட்டடம் எழுப்புவதற்கோ, ஏற்கெனவே உள்ள கட்டடத்தை விரிவாக்குவதற்கோ, அதன் மேல் மாடி எடுப்பதற்கோ முன்னர் நில உரிமையாளர் உரிய அரசு அமைப்பிடம் இருந்து பெறவேண்டிய எழுத்து மூலமான ஒப்புதல் ஆகும். பேச்சு வழக்கில் இது "பிளான் அப்ரூவல்" என்று குறிப்பிடப்படுகின்றது. கட்டடம் உறுதியாக அமைவதையும், காற்றும் வெளிச்சமும் கிடைப்பதையும், தீ விபத்தின்போது வெளியேற வழி இருப்பதையும், தெருவும் அண்டை வீடும் பாதிக்கப்படாமல் இருப்பதையும் உறுதி செய்வது இதன் நோக்கமாகும்.

இக்கட்டுரை சென்னை மாநகரில் வீடு கட்டுவதற்கான அனுமதியைப் பற்றியது. இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் முதலிய வடசென்னைப் பகுதிகளில் துறைமுகம், கடற்கரை, தொழிற்சாலைகள், பழைய மீனவர் குடியிருப்புகள் ஆகியன நெருங்கி அமைந்துள்ளதால், அங்கு அனுமதி பெறும்போது எழும் சிறப்பு நிலைமைகளும் இங்கு விளக்கப்படுகின்றன.

இருவகை அனுமதிகள்

சட்டப்படி வீடு கட்டுவோருக்கு இரண்டு அனுமதிகள் தேவை.

1. திட்ட அனுமதி: குறிப்பிட்ட மனையில் குறிப்பிட்ட பயன்பாட்டுக்குக் கட்டடம் அமையலாமா, எவ்வளவு பரப்பில் அமையலாம் என்பதைத் தீர்மானிப்பது. இது தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் கீழ் வழங்கப்படுகின்றது.
2. கட்டட அனுமதி: கட்டடத்தின் கட்டுமான அமைப்பு, சுகாதாரம், கழிவுநீர், மழைநீர் ஆகியவற்றை ஆராய்ந்து உள்ளாட்சி அமைப்பு வழங்குவது.

சிறிய வீடுகளைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் மாநகராட்சியே ஒரே விண்ணப்பத்தின் மீது வழங்குவதால், பொதுமக்கள் இவற்றை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. பெரிய கட்டடங்களுக்கு முதலில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் திட்ட அனுமதியும், பின்னர் மாநகராட்சியிடம் கட்டட அனுமதியும் பெறவேண்டும்.

சுவருக்கு வண்ணம் பூசுதல், பூச்சு வேலை, தரை ஓடு மாற்றுதல், உட்புறக் கதவு சன்னல்களை மாற்றுதல் போன்ற சிறு பணிகளுக்கு அனுமதி தேவையில்லை. தூண், உத்தரம், தளம் ஆகியவற்றை மாற்றும் பணிகள் இவ்விலக்கில் அடங்கா.

வரலாறு

சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. கட்டடங்களை முறைப்படுத்தும் அதிகாரம் சென்னை மாநகராட்சிச் சட்டம், 1919இல் விரிவாக வகுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் சென்னை நகரமைப்புச் சட்டம், 1920 இயற்றப்பட்டது. இதன் இடத்தில் பின்னர் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1974ஆம் ஆண்டு சட்டபூர்வ அமைப்பாக ஆனது. முதலாவது முழுமைத் திட்டம் 1975இலும், இரண்டாவது முழுமைத் திட்டம் 2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திலும் நடைமுறைக்கு வந்தன. மனை எந்தப் பயன்பாட்டு மண்டலத்தில் உள்ளது என்பதை இத்திட்டங்களே தீர்மானிக்கின்றன. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, மாநிலம் முழுவதற்கும் பொதுவான விதித்தொகுப்பாக அவ்வாண்டு பிப்ரவரியில் வெளியிடப்பட்டது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998, 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் செயற்பாட்டுக்கு வந்ததை அடுத்து 1919ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கியது.

அனுமதி வழங்கும் அமைப்புகள்

2011ஆம் ஆண்டு வரை திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் ஆகியன தனித்தனி நகராட்சிகளாக இருந்தன. அவ்வாண்டு இவை உள்ளிட்ட 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டபோது, மாநகராட்சியின் பரப்பளவு 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது. இன்று திருவொற்றியூர் 1ஆம் மண்டலமாகவும், மணலி 2ஆம் மண்டலமாகவும், மாதவரம் 3ஆம் மண்டலமாகவும், தண்டையார்ப்பேட்டை 4ஆம் மண்டலமாகவும், இராயபுரம் 5ஆம் மண்டலமாகவும் உள்ளன. எண்ணூர், கத்திவாக்கம் பகுதிகள் 1ஆம் மண்டலத்தைச் சேர்ந்தவை. கொற்றலை ஆற்றுக்கு வடக்கே உள்ள அத்திப்பட்டு, மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. அங்கு கட்டுவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பிப்பதில்லை.

இவ்விணைப்பின் காரணமாக, திருவொற்றியூர், கத்திவாக்கம் பகுதிகளில் 2011க்கு முற்பட்ட வீடுகளின் அனுமதி ஆணைகளில் அந்நாளைய நகராட்சியின் முத்திரையே காணப்படும். அவை செல்லத்தக்கவை. பழைய வீட்டின் மேல் மாடி எடுக்க விரும்புவோர் முந்தைய அனுமதி ஆணையையும் வரைபடத்தையும் பாதுகாத்து வைத்திருத்தல் நன்று. திருவொற்றியூர் வட்டம் 2018ஆம் ஆண்டு வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தமையால், பழைய பட்டாக்களில் மாவட்டத்தின் பெயர் வேறாக இருப்பதும் இயல்பே.

குழுமம் தன் அதிகாரத்தின் ஒரு பகுதியை உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒப்படைத்துள்ளது. 10,000 சதுர அடி வரையும் 8 குடியிருப்புகள் வரையும் கொண்ட வீட்டுக் கட்டடங்களின் விண்ணப்பங்களை மாநகராட்சியே முடிவு செய்கின்றது.

தேவையான ஆவணங்கள்

பொதுவாகக் கோரப்படும் ஆவணங்கள் வருமாறு:

- கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள்
- வில்லங்கச் சான்றிதழ்
- பட்டா, அல்லது நகர நில அளவைப் பதிவேட்டின் பகர்ப்பு
- நிலஅளவைப் புலப்படம்
- மனைப்பிரிவு அனுமதி பெற்றதற்கான சான்று, அல்லது மனை வரன்முறைப்படுத்தப்பட்ட ஆணை
- சொத்துவரி, காலிமனை வரி செலுத்திய இரசீது
- பதிவுபெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர் வரைந்து ஒப்பமிட்ட வரைபடங்கள்

பத்திரத்தில் உள்ள அளவு, பட்டாவில் உள்ள அளவு, களத்தில் உள்ள அளவு ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். வடசென்னையின் பழைய தெருக்களில் மனைகள் தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரிக்கப்பட்டு வந்துள்ளதால், இம்மூன்றும் மாறுபடுவது உண்டு. அவ்வாறு மாறுபடும்போது, பொதுவாக இருப்பவற்றுள் குறைந்த அளவே கணக்கில் கொள்ளப்படும். பாகப்பிரிவினைக்குப் பின் பட்டா பெயர் மாற்றப்படாமல் இருந்தால், முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் அதனைச் சரிசெய்ய வேண்டும்.

வரைபடம் ஆராயப்படும் முறை

விண்ணப்பத்தில் முதன்மையாக ஆராயப்படுபவை: மனையை ஒட்டிய சாலையின் அகலம், நான்கு புறமும் விடப்படும் திறந்தவெளி, கட்டடத்தின் உயரம், தளப்பரப்புக் குறியீடு, வண்டி நிறுத்துமிடம், மழைநீர் சேகரிப்பு அமைப்பு என்பனவாம்.

தளப்பரப்புக் குறியீடு என்பது எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பை மனையின் பரப்பால் வகுத்துப் பெறும் எண் ஆகும். முன்னர் சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்த இதன் உச்ச அளவு, 2019ஆம் ஆண்டின் விதிகளில் 2 ஆக உள்ளது. சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. எனவே ஒரு கிரவுண்டு மனையில் முன்பு 3,600 சதுர அடி வரை கட்ட இடமிருந்தது. இப்போது குறியீட்டின்படி 4,800 சதுர அடி வரை இடமுண்டு. எனினும், திறந்தவெளியும் உயரமும் பற்றிய விதிகளால் நடைமுறையில் கிடைக்கும் பரப்பு இதனினும் குறையக்கூடும். குறியீடு இடங்கொடுக்கின்றது என்பதற்காகத் திறந்தவெளியைக் குறைத்துக் கட்ட முடியாது.

இராயபுரம் போன்ற பழைய பகுதிகளில் வீடுகள் பொதுச்சுவருடன் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இத்தகைய இடங்களில் சில, திட்டத்தில் "தொடர் கட்டடப் பகுதி" என வரையறுக்கப்பட்டுள்ளன. அங்கு பக்கவாட்டில் திறந்தவெளி விடவேண்டியதில்லை. தெரு பழையது என்பதனால் மட்டும் இச்சலுகை கிடைத்துவிடாது. மனை அமைந்துள்ள இடம் அவ்வாறு அறிவிக்கப்பட்டுள்ளதா என்பதைச் சரிபார்க்க வேண்டும்.

மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டின் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நிலத்தடி நீரில் உவர்நீர் கலந்துள்ள கடலோரப் பகுதிகளில் இதன் பயன் மிகுதி.

நடைமுறை

விண்ணப்பங்கள் ஒற்றைச் சாளர இணையத்தளம் வழியாகப் பெறப்படுகின்றன. வழக்கமான முறையில், ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டு, பொறியாளர் மனையை நேரில் பார்வையிட்ட பின்னர், செலுத்த வேண்டிய கட்டணம் தெரிவிக்கப்படும். கட்டணம் செலுத்தியதும் ஆணையும் ஒப்புதல் பெற்ற வரைபடமும் வழங்கப்படும்.

சுயசான்று முறை

2024ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் தமிழ்நாட்டில் சுயசான்று முறை தொடங்கப்பட்டது. இதன்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரையில், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்டுவோர், தம் சான்றின் அடிப்படையில் இணையத்தளத்தில் உடனடியாக அனுமதி பெறலாம். முன்கூட்டிய களஆய்வு இல்லை. ஒரு கிரவுண்டு மனை இவ்வரம்புக்குள் அடங்குவதால், நகரின் சிறுமனை உரிமையாளர் பலருக்கு இம்முறை பொருந்தும்.

இம்முறையில் பொறுப்பு முழுவதும் விண்ணப்பதாரரைச் சார்கின்றது. தெரிவித்த விவரம் தவறென்று பின்னர் கண்டறியப்பட்டால் அனுமதி இரத்தாகும். செலவிட்ட பணமும் கட்டிய பகுதியும் உரிமையாளருக்கே இழப்பாகும். ஆகவே நில வகைப்பாடு, கடலோர ஒழுங்குமுறை முதலியவற்றை விண்ணப்பிக்கும் முன்னரே தெளிவுபடுத்திக் கொள்ளுதல் இன்றியமையாதது.

கட்டணங்கள்

ஆய்வுக் கட்டணம், கட்டட உரிமக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், சாலை வெட்டுக்கான கட்டணம் முதலியன வசூலிக்கப்படுகின்றன. இவற்றுடன், கட்டுமான மதிப்பீட்டில் 1 விழுக்காடு கட்டுமானத் தொழிலாளர் நலநிதிக்காகப் பெறப்படுகின்றது. கொத்தனார், சித்தாள் முதலியோருக்கு நலவாரியம் வழங்கும் உதவிகளுக்கு இத்தொகை பயன்படுகின்றது.

வடசென்னையின் சிறப்பு நிலைமைகள்

நத்தமும் புறம்போக்கும்

கடலோரச் சிற்றூர்களில் பல வீடுகள் கிராம நத்தத்தில் அமைந்தவை. நத்தம் என்பது ஊரார் குடியிருப்பதற்காக விடப்பட்ட நிலம். நத்தம் பட்டா பெற்றவர் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். புறம்போக்கு நிலத்தில் நெடுங்காலம் வாழ்ந்தாலும், சொத்துவரியும் மின்கட்டணமும் செலுத்தி வந்தாலும், அவை நில உரிமைக்குச் சான்றாகா. இந்நிலையில் உள்ள குடும்பங்களுக்குக் கட்டட அனுமதியும், அதனைக் கோரும் வங்கிகளின் வீட்டுக் கடனும் கிடைப்பதில்லை. பழுதான வீட்டை முறைப்படி திருப்பிக் கட்டவும் இவர்களுக்கு இயலாமற் போகின்றது.

கடலோர ஒழுங்குமுறை மண்டலம்

1991இல் முதன்முதலாக வெளியிடப்பட்டு, 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் மாற்றி வெளியிடப்பட்ட நடுவண் அரசின் அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரையுள்ள கடலோர நிலத்துக்குப் பொருந்தும். இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையுள்ள கரை பெரும்பாலும் வளர்ச்சியடைந்த நகரப் பகுதியாகிய இரண்டாம் வகையில் அடங்குகின்றது. இங்கு ஏற்கெனவே உள்ள சாலை அல்லது அனுமதிபெற்ற கட்டடங்களுக்கு நிலப்பக்கமாகவே புதிய கட்டடம் அமையலாம்; கடற்பக்கமாக அமையக் கூடாது. எண்ணூர்க் கழிமுகத்தின் அலையாத்திக் காடுகளும் சேற்று நிலங்களும் மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதலாம் வகையைச் சார்ந்தவை.

சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின்னர் கரையோர மணல் நகர்வு தடைப்பட்டதால், அதற்கு வடக்கே கடலரிப்பு மிகுந்தது. இதனைத் தடுக்கக் கற்சுவர்களும் தூண்டில் வளைவுகளும் அமைக்கப்பட்டன. கடலை ஒட்டிய மனையை வாங்குவோர், பத்திரத்தில் உள்ள எல்லை களத்தில் இன்றும் உள்ளதா என அளந்து பார்த்தல் நன்று.

தொழிற்சாலை மண்டலங்கள்

மணலி, எண்ணூர்ப் பகுதிகளின் சில நிலங்கள் ஆபத்தான தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கப்பட்டவை. இத்தகைய மண்டலத்தில் பொதுவான குடியிருப்புக்கு அனுமதி இல்லை. விலை குறைவாகக் கிடைக்கின்றது என்று இங்கு மனை வாங்கியவர் வீடு கட்ட முடியாமல் போகலாம். இக்கட்டுப்பாட்டின் பொருளை 2023ஆம் ஆண்டு திசம்பர் இறுதியில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே நிகழ்ந்த அமோனியாக் கசிவு உணர்த்தியது. நள்ளிரவில் மூச்சுத் திணறலுடன் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

பிற தடையின்மைச் சான்றுகள்

இரயில்வே எல்லையில் இருந்து 30 மீட்டருக்குள் கட்டுவோர் இரயில்வேயின் தடையின்மைச் சான்று பெறவேண்டும். கும்மிடிப்பூண்டித் தடத்தை ஒட்டிய மனைகளுக்கு இது பொருந்தும். மெட்ரோ இரயில் பாதையை ஒட்டிய மனைகளுக்கும், பக்கிங்காம் கால்வாய் போன்ற நீர்வழிகளை ஒட்டிய மனைகளுக்கும் அந்தந்தத் துறையின் கருத்து கோரப்படும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னங்களில் இருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை உரிய அனுமதியுடன் மட்டுமே கட்டலாம். வடசென்னையில் எஞ்சியுள்ள பழைய நகரச் சுவர் இத்தகைய சின்னங்களுள் ஒன்று.

நிறைவுச் சான்றிதழ்

கட்டடம் ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படி முடிக்கப்பட்டது என்பதற்கு அளிக்கப்படுவது நிறைவுச் சான்றிதழ் ஆகும். 2024ஆம் ஆண்டு மேற்கொள்ளப்பட்ட திருத்தத்தின்படி, 14 மீட்டர் உயரத்துக்கும், 8 குடியிருப்புகளுக்கும், 750 சதுர மீட்டர் பரப்புக்கும் மேற்படாத வீட்டுக் கட்டடங்களுக்கு இது தேவையில்லை. ஏனையவை இச்சான்றிதழ் இன்றி மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளைப் பெற இயலாது. 2024 திசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றமும், நிறைவுச் சான்றிதழ் பெற்ற பின்னரே இத்தகைய இணைப்புகள் வழங்கப்பட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

அனுமதியற்ற கட்டடங்கள்

அனுமதியின்றியோ, அனுமதிக்கு மாறாகவோ கட்டப்படும் கட்டடத்தின் பணியை நிறுத்தவும், அதனைப் பூட்டி முத்திரையிடவும், இடிக்கவும் சட்டம் வழிசெய்கின்றது. பாதிக்கப்படுவோர் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இத்தகைய கட்டடங்களை ஒருமுறை மட்டும் வரன்முறைப்படுத்த, நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1999 பிப்ரவரி 28க்கு முன் கட்டப்பட்டவை இதனுள் அடங்கின. 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இப்பிரிவு செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடைவிதித்தது. இதனை அடுத்து 2017இல் வரன்முறை விதிகள் வெளியிடப்பட்டன. 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்கு இவை பொருந்தும். வரன்முறைப்படுத்தப்படாத மனையில் கட்டட அனுமதி கிடைக்காது.

அனுமதி ஆணை மட்டும் கட்டடத்தின் உறுதிக்குப் போதுமான காப்பாகாது. 2014ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்ததில் 61 பேர் உயிரிழந்தனர். அக்கட்டடத்துக்குத் திட்ட அனுமதி பெறப்பட்டிருந்தது. மண் ஆய்வு, கட்டமைப்பு வடிவமைப்பு, பணியின்போதான மேற்பார்வை ஆகியன அனுமதிக்குப் பின்னரும் தொடரவேண்டியவை என்பதை இவ்விபத்து காட்டியது.