கமக்காரர் ஓய்வூதியமும் அரசின் பொறுப்பும்

அரச ஊழியர் நெடுங்காலம் அனுபவித்துவந்த ஓய்வூதியம், 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைக் கமக்காரருக்கும் உரித்தாயிற்று. வீரமுனையிலும் சம்மாந்துறையிலும் வயலோடு வாழும் தமிழரும் முஸ்லிம்களும் முதுமையில் ஊன்றிநிற்க அஃதொரு கோலாகும் என்பதே எதிர்பார்ப்பு.

இவ்வோய்வூதியம் தருமமன்று. கமக்காரர் தம் உழைப்பிலிருந்து சந்தா செலுத்தினர். அறுபது வயதின்பின் மாதந்தோறும் பணம் தருவதாக அரசு உறுதியளித்தது. ஆனால் சந்தா வருவாய்க்கும் பெருகிவந்த கொடுப்பனவுக்கும் பொருத்தமில்லாது போயிற்று. நிதி வறண்டது, 2012இல் கொடுப்பனவு நின்றது. 2014இலேதான் அது மீளத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் முதியோரின் பசி காத்திருக்குமா?

சட்டம் இயற்றுவதோடு அரசின் கடமை முடிவதில்லை. நிதியின் நிலையை உரியவர்க்கு உரைத்தலும் அதன் கடமையே. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அக்கணக்கைக் கேட்கும் உரிமையைக் குடிமக்களுக்கு ஈந்துள்ளது. வாய்க்கால் வறண்டபின் வருந்துவதிலும், குளத்தின் நீர்மட்டத்தை முன்னரே கேட்டறிதல் நன்றன்றோ?