அமரர் ராஜினாமா

தன் கை படாத தவறுக்காக ஓர் அமைச்சர் பதவியை விட்டு இறங்கும் வழக்கம் இந்தியாவில் காலமாகிவிட்டது. நெடுநாள் படுக்கையில் கிடந்ததால் உயிர் பிரிந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. முழுப்பெயர் ‘தார்மீகப் பொறுப்பேற்று ராஜினாமா’. சொந்த ஊர் என்று ஒன்றைச் சொல்வதானால் அரியலூரைச் சொல்லலாம்.

1956 நவம்பர் 23. சென்னையிலிருந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் ஏறியபோது, அடியில் வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. எஞ்சினும் முன்பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, சில மாதங்களுக்கு முன் மெகபூப்நகர் விபத்தின்போதே விலக முன்வந்தவர். நேரு அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. இந்த முறை ஒப்புக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி காரணமில்லை என்று நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். அரசியல் சாசன மரபுக்கு ஒரு முன்னுதாரணம் வேண்டும் என்று நினைத்தார்.

அமரரைத் தெய்வமாக்கவும் வேண்டியதில்லை. சாஸ்திரி விலகியதால் தண்டவாளத்தில் ஒரு கட்டைகூட மாறிவிடவில்லை. 1957 தேர்தல் முடிந்ததும் அவர் மறுபடி அமைச்சரானார். முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் நின்ற திமுகவோ, ரயில்வே துணை அமைச்சர் ஓ.வி. அழகேசனை வைத்து எதுகையோடு கோஷம் கட்டிக் காங்கிரஸைச் சாடியது. ராஜினாமா கொடுத்தாயிற்றே என்று அன்றைக்கும் யாரும் சும்மா விட்டுவிடவில்லை.

அமரரின் குணத்தை நன்றாகக் காட்டுவது அரியலூரைவிட முந்த்ரா விவகாரம்தான் என்பது என் எண்ணம். 1957-இல் எல்.ஐ.சி. பணம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டது. மக்களவையில் அதைக் கிளப்பியவர் காங்கிரஸ்காரரான பெரோஸ் காந்தி, பிரதமரின் மாப்பிள்ளை. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா விசாரித்தார். விசாரணை ஊரறிய நடந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். வாயிலில் நின்றவர்களும் நிதியமைச்சகத்தின் உள்விவகாரங்களைக் காதால் கேட்டார்கள். ஒரே மாதத்தில் அறிக்கை வந்துவிட்டது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, முடிவு செயலாளருடையது, தனக்குத் தெரியாது என்ற தரப்பில் நின்றார். சாக்ளா அதை ஏற்கவில்லை. செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு, கீழே இருப்பவரைக் காட்டித் தப்பிக்க முடியாது என்றார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார். மனம் உவந்து விலகினார் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் விலகினார்.

மேலே இருப்பவர் உத்தமர் என்று அன்று மக்கள் நம்பியதாகத் தெரியவில்லை. ஊழல் அன்றும் இருந்தது, முந்த்ராவே சாட்சி. கேட்டால் பதில் சொல்ல ஒரு முகம் உண்டு, அந்த முகம் போகவும் செய்யும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அதிகாரி, ஒப்பந்ததாரர், முந்தைய ஆட்சி என்று கைகாட்டிக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுவது ஓட்டுப் பெட்டி மட்டும். அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை.

பிற்காலத்திலும் அமரர் எப்போதாவது எழுந்து உட்கார்ந்தார். 1993 ஜனவரியில் வாடகைக்கு எடுத்த விமானம் டெல்லியில் தரையிறங்கும்போது நொறுங்கியது. ஒருவரும் சாகவில்லை, ஆனாலும் விமானத்துறை அமைச்சர் மாதவராவ் சிந்தியா பதவி விலகினார். 1999-இல் கைசால் ரயில் விபத்துக்கு ரயில்வே அமைச்சர் நிதிஷ் குமார் விலகினார். 2017 ஆகஸ்டில் அடுத்தடுத்து இரண்டு ரயில்கள் தடம் புரண்டபோது அன்றைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு விலக முன்வந்தார். பிரதமர் பொறுக்கச் சொன்னார். அடுத்த மாதம் அவருக்கு வர்த்தகத் துறை கிடைத்தது.

அமரரைக் கொன்றது யார் என்று கேட்டால், நாற்காலியில் இருந்தவர்கள் மட்டுமில்லை. பிணங்களை எண்ணி முடிக்கும் முன்பே ‘பதவி விலகு’ என்று அறிக்கை விட்ட எதிர்க்கட்சிகளுக்கும் பங்குண்டு. விலகினால் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்பார்கள், விலகாவிட்டால் மானமில்லை என்பார்கள். எது செய்தாலும் ஏச்சு என்றால், எந்த அமைச்சரும் நாற்காலியோடு சேர்த்தே ஏச்சை வாங்கிக்கொள்வார். டெல்லியில் ராஜினாமா கேட்கும் கட்சி, சென்னையில் அதைக் காதில் வாங்குவதில்லை. 2023 ஜூனில் கைதான திமுக அமைச்சர் செந்தில் பாலாஜி, சிறையில் இருந்தபடியே சுமார் எட்டு மாதம் இலாகா இல்லாத அமைச்சராக நீடித்தார். சொந்த வழக்குக்கே விலகாத ஊரில், அடுத்தவர் செய்த தவறுக்கு யார் விலகப் போகிறார்?

அதே 2023 ஜூன் 2. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ராஜினாமாக் கோரிக்கை வந்தது, அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இடிபாடுகளுக்கு நடுவே நின்று மீட்பு வேலைகளைப் பார்த்தார். அதைக் குறை சொல்ல முடியாது. விசாரணை சிபிஐ கைக்குப் போனது. அடுத்த மாதம் ரயில்வே ஊழியர்கள் மூன்று பேர் கைதானார்கள். 2024 தேர்தலுக்குப் பிறகு ரயில்வே அதே அமைச்சரிடம் வந்தது. கூடவே தகவல் ஒலிபரப்புத் துறையும் வந்தது.