கடைசிப் புத்தகத்துக்கு இரண்டு படம்

2010 நவம்பருக்கும் 2016 மார்ச்சுக்கும் இடையே, நான்கு இளையோர் நாவல் தொடர்களின் இறுதிப் புத்தகங்கள் ஹாலிவுட்டில் இரண்டிரண்டு படங்களாகப் பிரிக்கப்பட்டன. ஹாரி பாட்டர் தொடங்கி வைத்தது. ‘ட்விலைட்’, ‘ஹங்கர் கேம்ஸ்’, ‘டைவர்ஜென்ட்’ ஆகியவை அதே வழியில் போயின. முதல் மூன்று தொடர்களுக்கும் இரண்டாம் பாதி வந்தது. நான்காவதன் முதல் பாதி மட்டும் திரையரங்குக்கு வந்து, கதை முடியாமலே நின்றுபோனது.

ஒரே கதையை இரண்டு படமாக்குவது அதற்கு வெகு காலம் முன்பே உண்டு. ஜெர்மானிய இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் நிபெலுங்கன் காவியத்தை 1924-இல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பின்னால் வந்த வழக்கத்துக்கு இதைவிட நெருங்கிய முன்னோடி, ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கிய ‘த்ரீ மஸ்கெட்டியர்ஸ்’. தயாரிப்பாளர்களான அலெக்சாண்டர் சால்கைண்டும் அவர் மகன் இல்யாவும் ஒரே நீண்ட படம் என்று தொடங்கியதை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் படம் 1973 இறுதியிலும், ‘ஃபோர் மஸ்கெட்டியர்ஸ்’ என்ற பெயரில் அடுத்தது 1974-இலும் வந்தன. நடிகர்கள் வாங்கியதோ ஒரு படத்துக்கான சம்பளம். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தத்தில் எத்தனை படங்கள் என்பதை முன்கூட்டியே குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை அதன்பின் அமெரிக்க நடிகர்களின் ஒப்பந்தங்களில் இடம்பிடித்தது. அதற்குச் ‘சால்கைண்ட் ஷரத்து’ என்றே பெயர். ஒரு படத்தைப் பிரித்தால் லாபம் யாருக்குப் போகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

சேர்த்து எடுப்பதன் சிக்கனமும் அடுத்த கால்நூற்றாண்டில் நிரூபணமானது. பீட்டர் ஜாக்சன் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று படங்களையும் நியூசிலாந்தில் ஒரே நீண்ட படப்பிடிப்பாக எடுத்து, 2001 முதல் 2003 வரை ஆண்டுக்கு ஒன்றாக வெளியிட்டார். அரங்கம், உடை, தொழில்நுட்பக் குழு எல்லாவற்றுக்கும் ஒரே செலவு. நடிகர்களின் கால்ஷீட்டுக்கு மறுபடி அலைய வேண்டியதில்லை. ஆனால் அந்த நாவல் முதலிலேயே மூன்று பகுதிகளாக அச்சானது. ஒற்றைப் புத்தகத்தை நடுவே வெட்டும் துணிச்சல் இன்னும் வரவில்லை.

ஜே. கே. ரௌலிங்கின் ஏழாவது நாவலான ‘டெத்லி ஹாலோஸ்’ 2007 ஜூலை 21 அன்று வெளியானது. அதை இரண்டு படங்களாக எடுக்கப்போவதாக வார்னர் பிரதர்ஸ் 2008 மார்ச்சில் அறிவித்தது. யோசனையை முதலில் முன்வைத்தவர் நிர்வாகத் தயாரிப்பாளர் லயனல் விக்ரம். தயாரிப்பாளர் டேவிட் ஹேமனுக்குத் தொடக்கத்தில் அதில் விருப்பமில்லை, பிறகு இசைந்தார். கதையைக் குறுக்க முடியவில்லை என்பதுதான் வெளியே சொல்லப்பட்ட காரணம்.

அந்தக் காரணத்தைப் பக்கக் கணக்கை வைத்துப் பார்த்தால் நிற்காது. பிரிட்டிஷ் பதிப்பில் ஏழாவது நாவல் 607 பக்கம். ஐந்தாவது நாவல் 766 பக்கம். அந்த 766 பக்கமும் 138 நிமிடப் படத்துக்குள் அடங்கிவிட்டது. நான்காவது நாவலைப் பிரிக்கலாமா என்ற பேச்சு ஸ்டூடியோவில் எழுந்தபோது, ஒரே படம் போதும் என்று இயக்குநர் மைக் நியூவெல் எடுத்துக்காட்டியிருந்தார். அப்போது தோன்றாத அவசியம் கடைசிப் புத்தகத்தில் தோன்றியதற்கு, இதற்குப் பின் எடுக்க வேறு ஹாரி பாட்டர் நாவல் இல்லை என்பது ஒரு காரணமாக இருந்திருக்கவே வேண்டும். 2000-இல் படப்பிடிப்பு தொடங்கியபோது பதினொரு வயதுச் சிறுவனாக இருந்த, ஹாரியாக நடித்த டேனியல் ராட்கிளிஃப் வளர்ந்து ஆளாகிவிட்டார். பத்தாண்டுகளாகப் பணம் தந்துகொண்டிருந்த தொடர் ஒரு கோடைகாலத்தோடு முடியப்போகிறது என்பதை எந்த நிறுவனமும் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது.

ஆனாலும் கதை சார்ந்த நியாயமும் பொய்யல்ல. முந்தைய நாவல்களில் பள்ளி வகுப்புகள், விளையாட்டுப் போட்டிகள், கிளைக்கதைகள் என்று வெட்டித் தள்ள நிறைய இருந்தது. ஏழாவதில் ஹாரி படிக்கப் பள்ளிக்கே போவதில்லை. மூன்று நண்பர்களும் காட்டில் கூடாரமடித்து அலையும் நீண்ட பகுதியே கதையின் முதுகெலும்பு. மேலும், முன்பு வெட்டியதற்கெல்லாம் இப்போது வட்டியோடு பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஹாரியின் நண்பன் ரானின் மூத்த அண்ணன் பில் வீஸ்லி நாவல்களில் எப்போதோ வந்துவிட்டவர், திரையில் ஏழாம் படத்தில்தான் தலைகாட்டுகிறார். ஹாரியின் கையில் இருக்கும் உடைந்த கண்ணாடித் துண்டு எங்கிருந்து வந்தது என்பது நாவல் படிக்காதவருக்கு விளங்கவே விளங்காது. தொடரின் எட்டுப் படங்களில் ஏழுக்குத் திரைக்கதை எழுதிய ஸ்டீவ் க்ளோவ்ஸ், தானே விட்டுவிட்ட இழைகளைத் திரும்பப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது.

இயக்குநர் டேவிட் யேட்ஸ் இரண்டு பாகங்களையும் சேர்த்தே, லண்டனுக்கு அருகிலுள்ள லீவ்ஸ்டன் ஸ்டூடியோவை மையமாக வைத்து, 2009 பிப்ரவரியிலிருந்து 2010 ஜூன் வரை படமாக்கினார். எங்கே வெட்டுவது என்பதுதான் கடைசிவரை இழுபறியாக இருந்தது. வழிப்பறிக் கூட்டத்திடம் மூவரும் அகப்படும் இடத்தில் நிறுத்துவதாக முதலில் திட்டம். பிறகு வீட்டு எல்ஃப் டாபியின் மரணத்தையும் தாண்டி, தலைமையாசிரியர் டம்பில்டோரின் கல்லறையைப் பிளந்து எதிரி வோல்டமார்ட் மந்திரக்கோலைக் கவரும் காட்சிக்கு முடிவு நகர்ந்தது. நல்ல முடிவு அது. ஒரு சாவின் துயரமும் எதிரியின் வெற்றியும் அடுத்தடுத்து வருவதால், பாதிக் கதை பார்த்தவருக்கும் ஒரு படம் பார்த்த நிறைவு கிடைத்தது.

முதல் பாகம் 2010 நவம்பரில் வந்து சுமார் 96 கோடி டாலர் வசூலித்தது. அதை முப்பரிமாணத்துக்கு மாற்றும் வேலை உரிய நேரத்தில் முடியாததால், வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2011 ஜூலையில் வந்த இரண்டாம் பாகம் முப்பரிமாணத்திலும் ஓடியது. நீளம் 130 நிமிடம், தொடரிலேயே மிகக் குறைவு. வசூல் சுமார் 134 கோடி டாலர். 2023-இல் ‘பார்பி’ வரும் வரை வார்னர் நிறுவனத்தின் வரலாற்றில் அதை மிஞ்சிய படம் இல்லை. மற்ற ஸ்டூடியோக்களின் கண்ணில் பட்டது இந்த எண்தான். அதன் பின்னால் ஏழு படங்களாகச் சேர்ந்துவந்த எதிர்பார்ப்பு இருந்ததை அவை போதிய அளவு கவனிக்கவில்லை.

வார்னரின் முதல் பாகம் திரைக்கு வருமுன்பே, 2010 ஜூனில், சம்மிட் நிறுவனம் ஸ்டெபனி மேயரின் ‘ட்விலைட்’ தொடரில் இறுதியான ‘பிரேக்கிங் டான்’ நாவலையும் இரண்டாக்குவதாக அறிவித்தது. 2008-இல் வெளிவந்த அந்த நாவல் எழுநூற்றைம்பது பக்கத்தைத் தாண்டும். பெல்லா, ஜேக்கப், மறுபடியும் பெல்லா சொல்வதாக மூன்று பகுதிகளாக அமைந்தது. ஆகவே பிரிப்பதற்கான கோடு நாவலுக்குள்ளேயே இருந்தது. கல்யாணம், தேனிலவு, கர்ப்பம், பிரசவம் வரை முதல் படம். ரத்தக்காட்டேரியாக மாறிய பெல்லா சிவந்த கண்ணைத் திறப்பதோடு அது முடிகிறது. சிக்கல் இரண்டாம் பாதியில் இருந்தது. பெல்லாவின் தரப்பும் எதிர்த்தரப்பும் பனிவெளியில் அணிவகுத்து நின்று, பேசி, கலைந்து போவதுதான் நாவலின் உச்சம். இதற்காக ரசிகர்களை ஓராண்டு காக்க வைக்க முடியாது. திரைக்கதையாசிரியர் மெலிசா ரோசன்பெர்க்கும் இயக்குநர் பில் காண்டனும், நாவலில் இல்லாத ஒரு பெரும் போரைக் காட்டி, பிரியமான பாத்திரங்களின் தலைகளை உருளவிட்டு, கடைசியில் அத்தனையும் எதிர்காலத்தைக் காணவல்ல ஆலிஸ் என்ற பாத்திரம் கண்ட காட்சி மட்டுமே என்று முடித்தார்கள். நாவலை மனப்பாடமாக வைத்திருந்தவர்களும் அரங்கில் திகைத்துப்போனார்கள். இந்த நான்கு தொடர்களிலும் மூலத்தை மீறிய துணிச்சல்களில் இதுவே கெட்டிக்காரத்தனமானது. படத்துக்கு மோசமான படங்களுக்கான ராஸி விருது கிடைத்தது வேறு கதை. 2011-இல் வந்த முதல் பாகம் சுமார் 71 கோடி, 2012-இல் வந்த இரண்டாம் பாகம் சுமார் 83 கோடி டாலர் ஈட்டின.

2012 ஜனவரியில் லயன்ஸ்கேட் நிறுவனம் சம்மிட்டை விலைக்கு வாங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ முதல் படம் பெருவெற்றி பெற்றது. ஜூலையில், மூன்றாவது நாவலான ‘மாக்கிங்ஜே’ இரண்டு படங்களாகும் என்ற அறிவிப்பு வந்துவிட்டது. அது நானூறு பக்கத்துக்கும் குறைவான நாவல். கதைக்கு இடம் போதவில்லை என்று இங்கே யாரும் வாதாட முடியாது.

இயக்குநர் பிரான்சிஸ் லாரன்ஸ் இருந்ததை வைத்து ஒழுங்காகவே செய்தார். முதல் பாகத்தைப் பிரச்சாரப் போர் பற்றிய படமாக்கினார்: கதாநாயகி காட்னிஸைக் கேமரா முன் நிறுத்திப் புரட்சியின் முகமாக்குவது எப்படி, அவள் தோழன் பீட்டாவை எதிரித் தரப்பு அதே வேலைக்குப் பயன்படுத்துவது எப்படி என்பதே கதை. மீட்டு வரப்பட்ட பீட்டா காட்னிஸின் கழுத்தை நெரிப்பதில் உச்சம். ஆனால் முந்தைய இரு படங்களின் உயிர்நாடியான போட்டிக்களம் அதில் இல்லை, போரும் இன்னும் தொடங்கவில்லை. தன் பகுதிப் படப்பிடிப்பு முடியச் சில நாட்களே இருந்த நிலையில், 2014 பிப்ரவரியில், நடிகர் பிலிப் சீமோர் ஹாஃப்மன் இறந்தார். அவர் பேச வேண்டியிருந்த ஒரு முக்கியமான பேச்சு இரண்டாம் பாகத்தில் கடிதமாக மாற்றப்பட்டு, வுடி ஹாரல்சன் அதைப் படிப்பதாக அமைக்கப்பட்டது.

2013-இன் ‘கேச்சிங் ஃபயர்’ சுமார் 86 கோடி டாலர் வசூலித்திருந்தது. ‘மாக்கிங்ஜே’ முதல் பாகம் சுமார் 75 கோடி, இரண்டாம் பாகம் சுமார் 65 கோடி. முடிவுப் படம் ஏறும் என்ற நம்பிக்கை இங்கே உடைந்தது. இரண்டு பாகங்களையும் சேர்த்தால் லாபம் மிகுதிதான். ஆகவே அந்தச் சரிவைத் தோல்வி என்று யாரும் அப்போது சொல்லவில்லை. 2023-இல்தான் லாரன்ஸ் அந்த நாவலைப் பிரித்ததற்காக வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார்.

பாதிக் கதையைப் படமாக்குவதில் உள்ள அடிப்படைத் தொல்லை இந்த மூன்று தொடர்களிலும் ஒன்றே. நாவலின் நடுவில் வரும் ஏதோவொரு நிகழ்ச்சியை உச்சக்காட்சியின் உயரத்துக்குத் தூக்கி நிறுத்த வேண்டும். தமிழ்ப் படங்களில் இடைவேளைக்கு முன் வரும் திருப்பம் செய்யும் வேலைதான் அது. ஆனால் இங்கே இடைவேளை ஓராண்டு, திரும்பி வர இன்னொரு டிக்கெட்.

வெரோனிகா ராத்தின் ‘டைவர்ஜென்ட்’ தொடரில் கணக்கு கதையை முந்திக்கொண்டது. முதல் படம் 2014 மார்ச்சில் வெளியானது. அடுத்த மாதமே, இரண்டாம் படமான ‘இன்சர்ஜென்ட்’டின் படப்பிடிப்புகூடத் தொடங்காத நிலையில், மூன்றாம் நாவலான ‘அலீஜியன்ட்’ இரண்டு படங்களாகும் என்று லயன்ஸ்கேட் அறிவித்தது. முதல் இரு படங்களும் தலா சுமார் 29 கோடி டாலர் வசூலித்தன. நஷ்டமில்லை, ஆனால் மூன்றாம் நாவலைக் கூறு போடும் அளவுக்குப் பசி ரசிகர்களிடம் இருந்ததாகவும் அந்த எண் காட்டவில்லை. நாவலுமே வாசகர்களைப் பிளவுபடுத்திய ஒன்று. கதாநாயகி டிரிஸ் அதன் முடிவில் இறந்துபோகிறாள். பல வாசகர்கள் அதை ஏற்கவில்லை.

2015-இல் முதல் பாகம், இரண்டாம் பாகம் என்ற பெயர்கள் நீக்கப்பட்டன. படங்கள் ‘அலீஜியன்ட்’ என்றும் ‘அசெண்டன்ட்’ என்றும் மாற்றப்பட்டன. பாதிப் படம் என்று தெரிந்தால் கூட்டம் குறையும் என்ற பயம் வந்துவிட்டதையே அது காட்டுகிறது. இன்னொரு வித்தியாசம் அதைவிட முக்கியமானது. முந்தைய மூன்று தொடர்களும் இரண்டு பாகங்களையும் ஒரே மூச்சில் எடுத்து முடித்துவிட்டே முதலாவதை வெளியிட்டன. இங்கே ராபர்ட் ஷ்வென்ட்கே இயக்கிய ‘அலீஜியன்ட்’ மட்டும் எடுக்கப்பட்டு, 2016 மார்ச்சில் வெளியிடப்பட்டது. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் ‘இன்சர்ஜென்ட்’ ஐந்து கோடி டாலருக்கு மேல் ஈட்டியிருந்தது. இது மூன்று கோடியைக்கூட எட்டவில்லை. உலக வசூல் 18 கோடிக்குச் சற்றுக் குறைவு, தயாரிப்புச் செலவோ 11 கோடியளவு. திரையரங்குகளின் பங்கும் விளம்பரச் செலவும் போக, மிஞ்சுவது ஒன்றுமில்லை.

‘அசெண்டன்ட்’டுக்கு லீ டோலண்ட் கிரீகர் இயக்குநராக நியமிக்கப்பட்டிருந்தார், 2017-க்கு வெளியீட்டுத் தேதியும் குறிக்கப்பட்டிருந்தது. 2016 ஜூலையில், அதைத் தொலைக்காட்சிப் படமாக எடுத்து, அதிலிருந்து ஒரு தொடரைக் கிளைக்க வைக்கும் திட்டம் வெளியே வந்தது. திரையரங்குப் படத்துக்குத்தான் ஒப்புக்கொண்டேனே தவிர தொலைக்காட்சிக்கு அல்ல என்பது கதாநாயகி ஷெய்லீன் வுட்லியின் நிலை. படமும் வரவில்லை, தொடரும் வரவில்லை. நாவலில் இறந்துபோன டிரிஸ் திரையில் சாகவேயில்லை.

இதே காலத்தில் இந்த வழக்கத்துக்கு இணங்காத தொடரும் இருந்தது. ‘மேஸ் ரன்னர்’ இயக்குநர் வெஸ் பால், கடைசி நாவலான ‘டெத் க்யூர்’ ஒரே படம்தான் என்று முன்கூட்டியே அறிவித்தார். படப்பிடிப்பில் கதாநாயகன் டைலன் ஓ’பிரையன் பலத்த காயமடைந்ததால் தாமதமாகி 2018 ஜனவரியில் வந்த அந்தப் படம், 28 கோடி டாலருக்கு மேல் ஈட்டித் தொடரை முறையாக முடித்துவைத்தது.

‘அலீஜியன்ட்’டுக்குப் பிறகு பெரிய ஸ்டூடியோ எதுவும் இளையோர் தொடர் ஒன்றின் இறுதி நாவலை இப்படிப் பிரித்து வெளியிடவில்லை. பிரிக்கும் பழக்கம் மட்டும் வேறு வகைப் படங்களுக்கு இடம்பெயர்ந்தது. அங்கேயும் எச்சரிக்கை தெரிகிறது. 2021-இன் ‘டியூன்’ படத்தின் விளம்பரங்களில் இல்லாத ‘முதல் பாகம்’ என்ற குறிப்பு, திரையில் தலைப்பு வரும்போதுதான் தெரிந்தது. இரண்டாம் பாகத்துக்கு அனுமதியே முதலாவது வெளியான பிறகுதான் கிடைத்தது. 2024-இன் ‘விக்கெட்’ படமும் தான் பாதிக் கதை என்பதைச் சுவரொட்டிகளில் சொல்லவில்லை.

லயன்ஸ்கேட் தன் பழைய ‘ஹங்கர் கேம்ஸ்’ தொடருக்குத் திரும்பியபோது, ‘மாக்கிங்ஜே’யைவிடப் பெரிய நாவலான ‘பாலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ்’ கையில் இருந்தது. 2023-இல் லாரன்ஸ் அதை 157 நிமிடங்களில் ஒரே படமாக முடித்தார். நீண்ட நாவல்களுக்கு இப்போது ஓடிடி தளங்கள் இடம் கொடுக்கின்றன. ‘பெர்சி ஜாக்சன்’ முதல் நாவல் 2023 டிசம்பர் முதல் டிஸ்னி பிளஸ்ஸில் எட்டு அத்தியாயத் தொடராக வந்தது. ஹாரி பாட்டர் நாவல்களையும் புதிதாகத் தொடராக எடுக்கப்போவதாக 2023 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. அதற்கான படப்பிடிப்பு 2025-இல் அதே லீவ்ஸ்டன் ஸ்டூடியோவில் தொடங்கியது.