குற்றாலத்துக்கு வாடகை வண்டி

தூத்துக்குடி விமான நிலையம் ஊருக்கு வெளியே வாகைக்குளத்தில் இருக்கிறது. 1992-ல் திறந்து, பல ஆண்டுகள் விமானத்தையே காணாமல் கிடந்து, 2006-ல் சென்னை விமானம் வந்த பிறகு உயிர்பெற்ற நிலையம் அது. 2025 ஜூலையில் 17,000 சதுர மீட்டருக்கும் அதிகமான பரப்பில் புதிய முனையம் திறந்தார்கள். ஓடுபாதையும் மூன்று கிலோமீட்டரைத் தாண்டி நீண்டுவிட்டது. சாரல் தொடங்கியதும் இங்கே இறங்கிக் குற்றாலம் போக நினைக்கிறவர் நெல்லையிலோ தென்காசியிலோ தெரிந்தவருக்குப் போன் போட்டால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "வண்டி அனுப்பிருதேன் சார், டிரைவர் வாசல்ல நிப்பாரு."

சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு தானே ஓட்டிப் போகிற வழக்கம் அமெரிக்காவில் வளர்ந்தது. 1918-ல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் என்ற இளைஞர் பன்னிரண்டு ஃபோர்டு கார்களை வைத்து வாடகைத் தொழில் தொடங்கினார். 1946-ல் வாரன் ஏவிஸ் டெட்ராய்ட் அருகே வில்லோ ரன் விமான நிலையத்துக்குள்ளேயே கடை போட்டார். நெல்லைச் சீமையின் வாடகை வண்டிக்கு வேறொரு வரலாறு. இங்கே வண்டி என்றால் வண்டிக்காரரும் சேர்ந்துதான். பல்லக்குக் காலத்திலிருந்து அது மாறவில்லை.

1792-ல் ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் குற்றால அருவியை வரைய வந்தார்கள். பல்லக்குத் தூக்கிகளும் சுமையாள்களும் இல்லாமல் அந்தப் பயணம் நடந்திருக்காது. பிறகு பாளையங்கோட்டை வெள்ளைக்கார அதிகாரிகள் சாரல் காலத்தில் குற்றாலத்துக்கே குடிபெயர்ந்து பங்களாக்களில் தங்கினார்கள். அவர்கள் முதலில் தாமிரபரணியைக் கடந்தாக வேண்டும். அந்தச் சிரமத்தைத் தீர்த்தவர் சுலோசன முதலியார். தன் கைப்பணத்தைப் போட்டு அவர் கட்டிய பதினொரு வளைவுப் பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. வாகைக்குளத்திலிருந்து நெல்லை நகருக்குள் புகுந்து தென்காசி போகிற கார் இன்றைக்கும் அந்த இடத்தில்தான் ஆற்றைத் தாண்டுகிறது.

ரயில் 1903-ல் தென்காசி வழியாகச் செங்கோட்டையைத் தொட்டது. அடுத்த ஆண்டே ஆரியங்காவு மலையைக் குடைந்து கொல்லத்தோடு இணைந்தது. விருதுநகரிலிருந்து இன்னொரு பாதை 1927-ல் வந்தது. ரயிலில் வந்தவர்கள் தென்காசியில் இறங்கி, அருவிவரை உள்ள ஐந்து கிலோமீட்டரைக் குதிரை வண்டியிலோ மாட்டு வண்டியிலோ கடந்தார்கள். குற்றாலத்தில் குடியிருந்த ரசிகமணி டி.கே.சி. வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் விருந்தாளிகளாக வந்து போன காலமும் அதுதான். கம்பன் பாட்டும் அருவிக் குளியலும் ஒன்றாகக் கிடைத்த அந்த வீட்டைப் போல இன்னொன்று தமிழ்நாட்டில் அமையவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கிராமத்தில் காரைப் 'பிளசர்' என்று சொன்ன நாள்களில் குற்றாலத்தில் வாடகைக்கு வண்டி எடுத்தவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. சில மைல் மேற்கே போனாலே வேறு ராஜ்யம். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ல் அது சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை புளியரைக்கு அப்பால் நகர்ந்தது. ஆனாலும் பழைய எல்லையில் இருந்த பிரானூர் இன்றும் 'பார்டர்'தான். பரோட்டாவுக்கும் கோழிக்கும் அங்கே கூட்டம் குறைவதில்லை. குற்றாலத்தில் திருவிதாங்கூர் மன்னர்கள் கட்டிய அரண்மனை கேரள அரசின் சொத்தாகவே இருக்கிறது. பாலருவி, தென்மலை என்று மலைக்கு அந்தப் பக்கம் போக விரும்புகிறவர்கள் கேரளப் பெர்மிட் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது இந்த எல்லையால்தான்.

இந்த ஊரில் ஓட்டுநரின் அறிவு ஸ்டீயரிங்கோடு நிற்பதில்லை. பேரருவியில் தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை போட்டார்களா, ஐந்தருவியில் வரிசை எவ்வளவு நீளம், சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டதா, எல்லாம் அவருக்குத் தெரியும். ஸ்டாண்டில் நிற்கும் மற்ற வண்டிக்காரர்களிடமிருந்து தகவல் வந்துகொண்டே இருக்கும். குற்றாலத்தில் வெயில் அடித்தாலும் மலை உச்சியில் மழை கொட்டினால் அருவி நிமிடங்களில் பெருகும். தண்ணீர் செம்மண் நிறமாகும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனின் உயிரைக் கொண்டுபோனது. மேலே இருட்டுவதைப் பார்த்து "இப்ப வேண்டாம் சார், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்கிற ஓட்டுநர் அந்த நேரத்தில் உயிர்காக்கிற மனிதர்.

ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார் இங்கே வேர்விடாததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1989-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டப்படி, காரை இப்படி வாடகைக்கு விட உரிமம் வேண்டுமானால் குறைந்தது ஐம்பது கார்கள் வைத்திருக்க வேண்டும். சாரல் வந்தால்தான் வருமானம் என்ற தென்காசியில் ஒரு சிறு முதலாளி ஐம்பது காருக்கு எங்கே போவார்? 2013-க்குப் பிறகு பெங்களூரில் தொடங்கிப் பெருநகரங்களில் செயலி வழியே அந்தத் தொழில் பரவியது. முறையாக உரிமம் பெற்ற காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகைச் சொந்தக் காரைத் தெரிந்தவர் மூலம் வாடகைக்கு எடுப்பது சட்டத்துக்குப் புறம்பு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கவும் கூடும்.

ஆகவே குற்றாலப் பயணம் இன்னும் ஓட்டுநரை நம்பித்தான் நடக்கிறது. கிலோமீட்டர் வாடகை, டோல், பார்க்கிங், பேட்டா என்று கணக்குப் போடுகிறவர்கள் அவர் இரவில் எங்கே படுப்பார் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சீசனில் விடுதி வாசல்களில் இருக்கையைச் சாய்த்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, கொசுக்கடியில் தூங்குகிற ஓட்டுநர்களை யாரும் பார்க்கலாம். அதிகாலையில் அதே ஆள்தான் மலைப்பாதையில் குடும்பத்தோடு நம்மை ஏற்றிக்கொண்டு போகிறார். 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தினரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறை வசதியும் செய்துதர வேண்டும் என்று ஓட்டல்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் விதித்தது. வெகுநாள் முன்பே வந்திருக்க வேண்டிய விதி. அடுத்த சாரலுக்கு அறை பதிவு செய்யும்போது, டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்று விடுதிக்காரரிடம் கேளுங்கள். இல்லை என்றால் வேறு விடுதி பாருங்கள்.