80 சொச்சம் ரத்த மாதிரிகளும் ஒரு எம்.டி. ஆய்வேடும்

முதுநிலை மருத்துவம் படிக்கிற ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். நம் டாக்டர்களில் பெரும்பாலானவர்கள் ஆராய்ச்சி முறை என்று முதலும் கடைசியுமாகக் கற்றுக்கொள்வது அதில்தான். பரீட்சை முடிந்ததும் அது நூலக அலமாரிக்குப் போய்விடும். அப்படிப் போயிருக்க வேண்டிய ஓர் ஆய்வேடுதான் இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டது என்று முதலில் காட்டியது.

1985 கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன். அவரிடம் எம்.டி. படித்துக்கொண்டிருந்தவர் செல்லப்பன் நிர்மலா, 32 வயது, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். எய்ட்ஸ் கிருமி தமிழ்நாட்டில் இருக்கிறதா என்று தேடிப் பார், அதையே ஆய்வேடாக எழுது என்றார் பேராசிரியர். நிர்மலாவுக்குத் தயக்கம். கணவர் வீரப்பன் ராமமூர்த்தி தைரியம் சொன்னார். அது மேல்நாட்டு வியாதி, நம் பண்பாட்டுக்கு இங்கெல்லாம் வராது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த நேரம் பாருங்க. மும்பையிலிருந்து புனே ஆய்வகத்துக்குப் போன நூற்றுக்கணக்கான மாதிரிகளிலும் ஒன்றும் அகப்பட்டிருக்கவில்லை.

சரி, யாரிடம் ரத்தம் எடுப்பது? ஆய்வு முறையின் உயிரே இந்தக் கேள்விதான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரில் ஒருத்தருக்குத்தான் நோய்ன்னு வெச்சுக்குங்க. சோதனையோ நோயில்லாத நூறு பேரில் ஒருத்தரைத் தப்பாக 'பாசிட்டிவ்' என்று காட்டும். ஆயிரம் பேரையும் சோதித்தால் 11 பாசிட்டிவ் வரும். அதில் பத்து பொய். அதே சோதனையை, ஆயிரத்தில் எழுபது பேருக்கு நோயுள்ள கூட்டத்தில் செய்தால் பொய் ஒன்பதுதான், மெய் எழுபது. சோதனைக் கருவி ஒன்றேதான். யாரிடம் கொண்டுபோகிறோம் என்பதில் பதில் மாறிவிடுகிறது. (மென்பொருளில் பிழை தேடுகிறவர்களுக்கு இது பழகின கணக்கு.) அதனால் நோய்க்கு அதிக வாய்ப்புள்ளவர்களிடமிருந்து 200 மாதிரிகள் எடுப்பது என்று முடிவானது.

ஆனால் மும்பையின் காமாத்திபுராபோல ஒரே இடத்தில் பாலியல் தொழில் நடக்கும் வட்டாரம் மெட்ராஸில் இல்லை. நிர்மலா பொது மருத்துவமனையில் பால்வினை நோய்க்கு வரும் பெண்களிடம் பழகினார். ஓரிருவர் மற்றவர்களை அடையாளம் காட்டினார்கள். அவர்களுடைய சீட்டுகளைப் பார்த்தால் பலதில் 'வி ஹோம்' என்று எழுதியிருந்தது. விசாரித்ததில், அது விஜிலன்ஸ் ஹோம். கைதான பாலியல் தொழிலாளிகளையும் ஆதரவற்ற பெண்களையும் வைத்திருக்கும் அரசுக் காப்பகம். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராத வழி அது.

கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். கையுறை கிடையாது, பாதுகாப்புச் சாதனம் எதுவும் கிடையாது. மூன்று மாதத்தில் 80 மாதிரிகளுக்கு மேல் சேர்ந்தன. சுனிதியின் கணவர், இதய அறுவை நிபுணர் சாலமன் விக்டரின் உதவியோடு ஒப்பேற்றிய சின்ன ஆய்வகத்தில் ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்தார்கள். அதைப் பத்திரப்படுத்த வேறு வசதி இல்லாததால் நிர்மலா வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார்கள்.

சென்னையில் எலைசா சோதனை வசதியும் இல்லை. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு இரவு ரயிலில் காட்பாடி. அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. அங்கே ஜேக்கப் ஜான் துறையில் ஜார்ஜ் பாபுவும் எரிக் சிமோஸும் உதவினார்கள். நடுவில் கரண்ட் போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறியிருந்தன.

உடனே யாரும் கொண்டாடவில்லை. மேலே போட்ட கணக்கு அவர்களுக்குத் தெரியும். காப்பகத்துக்குத் திரும்பிப் போய் அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வெஸ்டர்ன் பிளாட் என்ற இன்னொரு சோதனையில் உறுதிசெய்தார்கள். மே மாதம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். 1987 மார்ச்சில் நிர்மலா ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பிறகு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தடுப்பூசி வேலைக்குப் போய்விட்டார். சுனிதி 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் தொடங்கி, 2015இல் இறக்கும்வரை எச்.ஐ.வி. நோயாளிகளோடே இருந்தார்.

இதுவரை எல்லாம் பெருமைப்படத்தக்கதுதான். இன்னொன்றும் இருக்கிறது. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், சொன்னாலும் புரிந்திருக்காது என்பது பல வருடம் கழித்து நிர்மலாவே வெளிப்படையாகச் சொன்ன காரணம். எனக்கு இது போதுமான காரணமாகப் படவில்லை. ஆனால் இதை ஒரு மாணவியின் தலையில் கட்டுவதும் சரியில்லை. யாரிடம் எடுக்கணும், எப்படி எடுக்கணும், எப்படி உறுதிசெய்யணும்னு எல்லாம் சொல்லிக்கொடுத்த அன்றைய பயிற்சியில், கேட்டுவிட்டு எடுக்கணும் என்பது அழுத்தமாக இல்லை. அதுவும் இவர்கள் அடைபட்டிருந்தவர்கள். மாட்டேன் என்று சொல்லும் இடத்திலேயே இல்லை.

'பாசிட்டிவ்' என்ற சொல் அப்போது என்ன செய்யும் என்பதற்கு 1990 சாட்சி. எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, காலம் முடிந்த பிறகும் சென்னைக் காப்பகத்தில் பெண்களை அடைத்து வைத்திருந்தார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் போன பிறகுதான் வெளியே வந்தார்கள். எங்க குழித்துறை மாதிரி ஊரில் சட்டம் அடைக்கவே வேண்டாம். பால்வினை நோய்ப் பிரிவு வாசலில் ஒருத்தரைப் பார்த்தால், அவர் மார்த்தாண்டம் ஜங்ஷன் வந்து சேருமுன் செய்தி அங்கே வந்திருக்கும். அதனாலேயே திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுகிறவர்கள் உண்டு.

இன்று எம்.டி. மாணவர் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒப்புதல் படிவம் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எழுத்தறியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் படித்துக்காட்டி, கைரேகை வாங்க வேண்டும். 2017இல் வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக்கூடாது என்கிறது. பெயர் தெரியாமல் செய்யும் கண்காணிப்பு ஆய்வுகளுக்கு விலக்கு உண்டு. அங்கேயும், ஆய்வு எதற்காக என்பதை ரத்தம் கொடுப்பவரிடம் சொல்லியாக வேண்டும்.