வேட்டையும் தோட்டமும்: சிகாமட் வரலாற்றில் எழுதப்படாத ஏடு

பண்டைத் தமிழகத்தில் வேட்டை வெறும் பொழுதுபோக்கன்று. குறிஞ்சி நிலத்தார்க்கு அது வாழ்க்கை. ஊரையும் ஆநிரையையும் காக்கப் புலியோடு பொருது மாண்டவனுக்கு அது வீரம். அத்தகையோர்க்கு எடுக்கப்பட்ட புலிகுத்திக் கற்கள் கொங்கு நாட்டில் இன்றும் நின்று சான்று பகர்கின்றன. அவ்வழி வந்த நம் மக்கள் கடல் கடந்து ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் வட்டாரத்திற்கு வந்தபோது, புலியும் யானையும் மீண்டும் அவர்கள் எதிரே நின்றன. ஆனால் இங்கே வேட்டையின் வரலாற்றை எழுதியவர்கள் வேறு. அவ்விலங்குகளுக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள் வேறு. இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிகாமட் ஆறு மூவார் ஆற்றோடு கலக்கும் இவ்வட்டாரம், தாழ்ந்த ஆற்றுப்படுகைகளும் அடர்ந்த காடும் சூழ்ந்த நிலமாகும். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 1909இல் இருப்புப்பாதை அமைந்தபின், அதனையொட்டிக் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. விலங்குகளின் பழைய தடங்கள் தனியார் நிலங்களுக்குள் அகப்பட்டன. மரம் மாறியதேயன்றி விலங்கின் வழி மாறவில்லை.

1895 முதல் 1959 வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராகிம், பெருவேட்டையில் புகழ்பெற்றவர். ஜப்பானியப் பிரபுவான தொக்குகாவா யொஷிச்சிக்கா 1921இல் ஜொகூருக்கு வந்து அவரோடு வேட்டையாடினார். ‘புலிவேட்டைப் பிரபு’ என்னும் பெயரும் பெற்றார். வெள்ளைக்காரத் துரைமாரிடையேயும் இவ்வேட்கை மிகுந்திருந்தது. செலாடாங் எனும் காட்டுமாட்டின் தலையும் புலித்தோலும் மாளிகைச் சுவர்களை அணிசெய்தன. அவர்களுடைய பெயர்கள் நூலேறின.

பால்மரம் சீவியோரின் நிலையோ வேறு. வெயிலேறுமுன் பால் நன்கு வடியுமாதலால், விடியுமுன்னரே உளியும் வாளியும் ஏந்தி நிரைக்குள் நுழைய வேண்டியிருந்தது. துப்பாக்கி துரையிடம் இருந்தது. விளக்கொளி ஒன்றே தொழிலாளியின் துணை. தோட்டத்து ஓரத்தில் முனியாண்டிக்குக் கல் நட்டுக் கும்பிட்டனர். அதனை மூடநம்பிக்கை என்று மட்டும் தள்ளுதல் தகாது. காட்டின் எல்லையில் காவலின்றி நின்றவரின் அச்சமும் உறுதியும் அதனுள் அடங்கியுள்ளன.

இங்கே ஓர் இயற்கை நியதியையும் மாணவர் அறிதல் வேண்டும். காட்டுப்பன்றி, தோட்டத்தையும் அதனை அடுத்த புதரையும் விரும்பி வாழ்வது; செம்பனையின் இளங்கன்றையும் உதிர்ந்த பழத்தையும் தின்பது. பன்றியைத் தொடர்ந்து புலி வரும். புலியைக் கொன்றால் பன்றியை அடக்கும் இயற்கைக் காவலும் குறையும். ஆகவே, வேட்டைக்காரர் பகையெனக் கருதிய புலி, ஒருவகையில் பயிருக்கு அரணாகவும் இருந்தது.

இவ்வுண்மையை உணர்ந்தோர் வேட்டைக்காரருள்ளும் இருந்தனர். யானை, செலாடாங் வேட்டையைப் பற்றி 1905இல் நூல் வெளியிட்ட தியோடர் ஹப்பேக், பின்னாளில் விலங்குகளின் காவலராக மாறினார். மலாயாவின் வனவிலங்குகள் குறித்த அவருடைய ஆணைய அறிக்கை 1932இல் வெளிவந்தது. 1939இல் தேசியப் பூங்கா உருவாவதற்கு அவர் முயற்சியே பெருங்காரணம். நாடு விடுதலை பெற்றபின், 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் புலி முழுப் பாதுகாப்புப் பெற்றது. சிகாமட் மாவட்டத்தின் பெக்கோக் வழியே செல்லத்தக்க எண்டாவ் ரொம்பின் காடு, 1993இல் ஜொகூரின் தேசியப் பூங்காவாயிற்று. எனினும், தீபகற்பத்தில் எஞ்சிய புலிகள் 150க்கும் குறைவே என 2022இல் அறிவிக்கப்பட்டது. அச்சம் தந்த விலங்கே இன்று நம் இரக்கத்தை வேண்டி நிற்கிறது.

புலி அருகியதுபோலவே, புலியறிந்த தலைமுறையும் அருகி வருகிறது. பால்மரங்கள் நின்ற இடங்களிற் செம்பனை நிற்கிறது. லயங்களில் வாழ்ந்தோர் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். வேட்டையாடியோரின் வரலாறு சுவரிலும் நூலிலும் நிலைத்தது; தோட்டத்தாரின் வரலாறு முதியோர் நாவில் மட்டுமே வாழ்கிறது. நாவில் வாழ்வது நாவோடு மறையும். ஆதலின் ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவரை அம்முதியோரிடம் அனுப்பி, அவர்தம் நினைவுகளைக் கேட்டு எழுதச் செய்தல் வேண்டும். முன்னோர் கல்லிற் பொறித்தனர். நாம் தாளிற் பொறிப்போம். அதுவே இம்மண்ணில் அவர்களுக்கு நாம் எடுக்கும் நடுகல்.